நீ உன் வீட்டு லைனை மாற்றிய நாள்

மச்சான்,

இன்று காலை கற்பிட்டி வீதியில் ஒரு ட்ரான்ஸ்போமருக்கு ஏணி வைத்தேன். பாதி ஏறும்போதே அந்த மணம் வந்தது. வயரின் உறை சூட்டில் இளகும் மணம். நியூட்ரல் வயரின் மூட்டு கறுத்திருந்தது. நீ மௌத்தாகி, உன்னை அடக்கி இரண்டு நோன்பு மாதம் போய்விட்டது. ஆனாலும், “பாத்தியா மச்சான்” என்று உன் குரல்தான் முதலில் கேட்டது.

உன் ஊரிலும் இதுதானே நடந்தது. மூன்று லைன் இருந்தும் வீடுகளில் பெரும்பாலானவை, வெங்காயத் தோட்டத்து மோட்டர்கள், எல்லாம் ஒரே லைனில். கடைத்தெரு இரண்டாவது லைனில். கரையோரத்து மீன்காரரின் சில வீடுகள் மட்டும் மூன்றாவது லைனில். உப்புக்காற்று அரித்த நியூட்ரல் மூட்டு அந்தப் பாரத்தின் சூடு தாங்காமல் ஒரு பின்னேரம் எரிந்து விட்டுப்போனது. பாரம் கூடிய லைனில் பல்புகள் மங்கின. கரையோர வீடுகளில் வோல்டேஜ் கூடிப் பிரிட்ஜும் டீவியும் புகைந்தன.

மறுநாள் மின்சார சபையிலிருந்து நீயும் நானும் போய் அந்த நியூட்ரல் மூட்டைப் புதிதாகப் போட்டோம். உனக்கு மனம் ஆறவில்லை.

“மூணு லைனும் ஒரே அளவா இழுத்தா நியூட்ரலுக்குப் பெரிசா வேலையில்ல. ஒண்டு மட்டும் கூட இழுத்தா அந்த வித்தியாசமெல்லாம் நியூட்ரல்லதான் திரும்பி வரும். இப்பிடியே விட்டா இதுவும் எரியும்” என்றாய்.

பாதி வீடுகளையாவது கரையோர லைனுக்கு மாற்ற வேண்டும். பள்ளிவாசல் முன்னால் நீ அதைச் சொன்னதும் உன் பக்கத்து வீட்டுக்காரர் மறித்தார்.

“அந்த லைன்லதானே எல்லாம் எரிஞ்ச. எங்களையும் எரியச் சொல்றியா?”

மீன் போடும் பிரீசர் புகைந்துபோன மீன்காரப் பெண் ஒருத்தி அங்கே நின்றாள். “அப்ப நாங்க மட்டும் எரிஞ்சாப் பரவாயில்லயா?” என்றாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ பையை எடுத்துக்கொண்டு உன் வீட்டு வாசலில் நிற்கும் கரண்ட் போஸ்ட்டுக்கு நடந்தாய். உன் மனைவி கேற்றடிக்கு வந்துவிட்டாள்.

“உம்மாட இன்சுலின் பிரிட்ஜுக்குள்ள ஈக்குது. இண்டைக்குத்தான் கிளினிக்ல எடுத்து வந்த.”

நீ நின்றுவிட்டாய். உன் வீட்டைக் கடைசியாகச் செய்வோம் என்று நானும் சொன்னேன்.

“கடைசியா எண்டா ஒருத்தரும் வரமாட்டாங்க” என்றாய்.

உள்ளேயிருந்து உன் உம்மா, “விடுங்க மகள். அவன் தெரியாமச் செய்யமாட்டான்” என்றார்.

நான் கரண்டை நிறுத்தினேன், நீ ஏறினாய். வழக்கத்தைவிட மெதுவாக வேலை செய்தாய். திரும்பக் கரண்ட் கொடுத்ததும் நாம் எல்லோரும் பிரிட்ஜின் முன்னால் போய் நின்றோம். அது சின்னதாக உறுமி ஓடத் தொடங்கியது. உன் மனைவி அதன் கதவில் வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

அடுத்த நாள் முதலில் வந்தவர் அதே பக்கத்து வீட்டுக்காரர்தான். “எங்கடயும் மாத்து. ஆனா நாங்க எல்லாத்தையும் போட்டுப் பாக்கும்வரைக்கும் நீ உள்ளுக்கு இருக்கணும்.” இருந்தாய். அவர் பேன், டீவி, தண்ணி மோட்டர் என்று ஒவ்வொன்றாகப் போட, நீ பால் போடாத பிளேன்டீ குடித்தபடி இருந்தாய். பிறகு வந்த வீடுகளிலும் அப்படியே. வேலை முடிந்தபின் மீட்டர் வைத்துப் பார்த்தோம். நியூட்ரலில் முன்பு இருந்ததில் கால்வாசி கரண்ட்கூட இல்லை.

திரும்பி வரும்போது, பயமாக இருக்கவில்லையா என்று கேட்டேன்.

“இருந்திச்சு. லைனுக்கில்ல. வேற ஏதாலயும் பிரிட்ஜ் நிண்டிருந்தாலும், அவங்க சொன்னதுதான் சரியெண்டு போயிருக்கும். பிறகு அந்த மீன்கார வீடுகளை ஆரு பாக்கிற?”

இன்றைய நியூட்ரல் மூட்டையும் புதிதாகப் போட்டுவிட்டேன். இங்கேயும் வீடுகளை மாற்ற வேண்டும். பின்னேரம் முதல் வீட்டை மாற்றிக் கரண்ட் கொடுத்தபின் வாசலிலேயே நின்றேன். கைக்குழந்தையோடு வந்த வீட்டுக்காரப் பெண், “வேலை முடிஞ்சுதுதானே அண்ணன், ஏதும் பிழையா?” என்று கேட்டாள்.

“பிழை ஒண்டுமில்ல தங்கச்சி. நீங்க எல்லாத்தையும் போட்டுப் பாருங்க. நான் கொஞ்சநேரம் இருந்திட்டுப் போறன்.”

அவள் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாள்.