வகுப்பில் வைத்த ஒப்பாரி

அன்புள்ள அத்தைக்கு,

அஞ்சலை வணங்கி எழுதுறேன். கால் வீக்கம் வத்திடுச்சா? நான் நல்லா இருக்கேன்.

இந்த வெளிநாட்டுல, ஜெலுத்தோங்ல நான் கூட்டிப் பெருக்குற பள்ளிக்கூடத்துல, இலக்கிய வகுப்புல டீச்சர் கடல் பாட்டு நடத்துனாங்க. பருவநிலை மாறிக் கடல் சூடாகி, புயல் பெருத்துப் போச்சாம். திரும்பி வராத மீனவங்களுக்குப் பிள்ளைங்க ஒப்பாரி எழுதணுமாம்.

"ஒப்பாரியை எப்படி ஆரம்பிப்பாங்க அக்கா?"ன்னு டீச்சர் என்னைக் கேட்டாங்க.

"ஆன்ட்டி, சோகமா பாடுங்க லா!"ன்னு இந்த ஊரு பேச்சுல ஒரு பொண்ணு சிரிச்சா.

சும்மாதான் பாடினேன். பாதியில உங்க மகன் பேரு வந்துடுச்சு. அப்புறம் யாரும் சிரிக்கல.

உடம்பு கிடைக்காம ஒப்பாரி வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்க. கோவிச்சுக்காதீங்க. அவரு கடலுக்குப் போய்த் திரும்பாததுக்கு அப்புறம், அன்னிக்குத்தான் எனக்கு நல்லாப் பசிச்சுது.

யாராவது இங்க வந்தா நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்புங்க. நான் ஏற வேண்டிய பஸ் வந்துடுச்சு, முடிக்கிறேன். அவரு வருவாருன்னு தினமும் துவைச்சுக் காயப்போடுறீங்களே, அந்தச் சட்டையை இனி மடிச்சு உள்ள வச்சிடுங்க அத்தை.

உங்க மருமக,
அஞ்சலை