நிழலில் பார்க்கும் வேலை

திருச்செங்கோடு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

அன்புச்செல்வி எழுதுவது. நானும் நம்ம பையன் கௌதமனும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்கள் கை கால் பத்திரமாக இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

என்றைக்கும் இல்லாமல் கடுதாசி எழுதுகிறாளே என்று பதறாதீர்கள். உங்கள் போன் கெட்டுப் போனதிலிருந்து மேனேஜர் போனில்தான் பேசுகிறோம். அவர் பக்கத்திலேயே நிற்கிறார். இது அவர் காதுக்குப் போகக் கூடாத விஷயம். போர் போடுகிற உங்கள் ரிக் வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் ஏற்றிக்கொண்டு நாளைக்கு சத்தீஸ்கர் கிளம்புகிற மயில்சாமி அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். புதன்கிழமை விடிவதற்குள் வந்து உங்கள் கையில்தான் கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறார். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

கடலைக்காய் பிடுங்கியாயிற்று. கடைசி மழை ஏமாற்றியதால் பருப்பு சிறுத்துப் போய்விட்டது. செவலை மாடு சினையாக இருக்கிறது. உங்கள் அக்கா வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனார். அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை.

கௌதமன் விஷயத்துக்கு வருகிறேன். மத்தியானத்தோடு காலேஜ் முடிகிறது, சாயங்காலம் ஒரு வேலை பார்க்கிறேன் என்று அவன் கேட்டபோது நாம் எவ்வளவு யோசித்தோம்! முட்டைக் குடோனில் லோடு ஏற்றினால் இடுப்பு போய்விடும் என்றீர்கள். தறிப் பட்டறைச் சத்தத்தில் படிப்பு மண்டையில் நிற்காது என்றேன் நான். பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை என்றதும், சங்ககிரி ரோட்டு லாரிகளை நினைத்து இரண்டு பேருமே வேண்டாம் என்றோம். அவன் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு டியூசன் எடுக்கத்தான் ஆசைப்பட்டான். அதில் என்ன வந்துவிடும் என்று தள்ளிவிட்டோம். அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் ரிக் முதலாளி முருகானந்தம், தன் மச்சினன் குருமூர்த்தியின் மருந்துக் கடைக்குப் பையன் வேண்டும் என்றார். “நெழல்ல நின்னு பாக்கற வேலை, கெமிஸ்ட்ரி படிக்கறவனுக்கு ஏத்த எடம்” என்று சந்தோசப்பட்டீர்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

முதலில் நன்றாகத்தான் போயிற்று. எந்த மருந்து எந்த அலமாரி என்று சீக்கிரமே பிடித்துக்கொண்டான். எனக்கு இருமல் வந்தபோது, “இந்த மருந்தக் குடிச்சா தூக்கம் வருமுங்கம்மா, அடுப்புப் பக்கம் போகாதீங்க” என்று சொல்லிக் கொடுத்தான். எனக்கு அன்றைக்கு அத்தனை பெருமை.

அப்புறம்தான் சில பையன்கள் டாக்டர் சீட்டு இல்லாமல் வந்து ஒரு வலி மாத்திரையை அட்டை அட்டையாகக் கேட்டிருக்கிறார்கள். கௌதமன் யோசித்தபோது, “தறி ஓட்டறவங்களுக்கு மேலு வலி, குடுத்து அனுப்பு” என்றாராம் குருமூர்த்தி. இவனும் நம்பிக் கொடுத்திருக்கிறான். போதைக்கு வாங்குகிறார்கள் என்பது போகப் போகத்தான் புரிந்திருக்கிறது. வேலையை விட்டுவிடலாமா என்று நினைத்தானாம். அப்பாவுக்கு முதலாளி வீட்டில் கெட்ட பேர் வருமே என்று நம்மிடம் சொல்லாமலே இருந்துவிட்டான்.

ஒரு நாள் வளவன் வந்திருக்கிறான். குமாரபாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பையன், வகுப்பில் இவனோடு ஒரே பெஞ்ச். கை நடுங்கிக்கொண்டு மாத்திரை கேட்டானாம். இவன் இல்லை என்று சொல்லிவிட்டான். உள்ளே இருந்த குருமூர்த்தி எழுந்து வந்து, “வந்த யாவாரத்த எதுக்குடா தொரத்தற, எடுத்துக் குடு” என்று அதட்டியிருக்கிறார். இவன் எடுத்துக் கொடுத்துவிட்டான்.

வளவன் செத்துப் போய்விட்டான் மாமா. காவிரிப் பாலத்துக்குக் கீழே கிடந்தவனை மீன் பிடிக்கப் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த மாத்திரைதான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். கௌதமன் அன்றைக்குக் கடைக்குப் போகாமல் திரும்பி வந்து, மாட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். பெற்றவளிடம் சொல்வது போலச் சொல்லவில்லை. யாரோ அதிகாரியிடம் சொல்வது போல, ஒன்று விடாமல் சொன்னான். அழவே இல்லை.

போன வாரம் வளவனின் அம்மா மலர்விழி நம் வீட்டைத் தேடி வந்துவிட்டார். காறித் துப்பப் போகிறார், மண்ணை வாரித் தூற்றப் போகிறார் என்று நினைத்தேன். அந்த அம்மா வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு, “எம் பையன் கடைசியா உங்கிட்ட என்னய்யா பேசுனான்?” என்று கேட்டார். கௌதமன் அவர் காலடியில் உட்கார்ந்து, “பரீட்சைக்கு நோட்டு வேணும்னு கேட்டானுங்க. நாளைக்குத் தரேன்னு சொன்னேனுங்க. மாத்திரைய எடுத்துக் குடுத்தது நாந்தானுங்க” என்றான். அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. “இத போலீஸ் ஸ்டேசன்ல வந்து சொல்லுவியா?” என்று மட்டும் கேட்டார். சொல்லுவேன் என்று இவன் வாக்குக் கொடுத்துவிட்டான். நான் கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடாமல் அந்த அம்மா எழுந்து போனார்.

அது எப்படியோ கடைக்குத் தெரிந்துவிட்டது. நேற்று குருமூர்த்தியும் உங்கள் முதலாளியும் காரில் வந்தார்கள். முதலாளி நயமாகத்தான் பேசினார். கடைக்காரருக்குத் தெரியாமல் நானே எடுத்து விற்றேன் என்று கௌதமன் எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம். சின்னப் பையன், படிக்கிறவன், வக்கீல் வைத்து வெளியே கொண்டு வந்துவிடலாமாம். நம் குடும்பத்தை அவர் பார்த்துக்கொள்வாராம். கௌதமன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “எடுத்துக் குடுத்தது நானுங்க. குடுக்கச் சொன்னது இவுருங்க. ரெண்டையும் சொல்லீருவேனுங்க” என்றான். குருமூர்த்தி அடிக்கிற மாதிரி எழுந்தார். முதலாளி அவரை உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். “புதன்கெழம வண்டி டீசலுக்கு டவுனுக்கு வரும். இவங்க அப்பன உட்டுப் பேசச் சொல்றேன். அவன் சொன்னா இவன் கேப்பான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்றைக்குக் காலையில் கோர்ட்டுப் பக்கம் ஒரு வக்கீலம்மாவை அவர் வீட்டிலேயே போய்ப் பார்த்தோம். உள்ளதை உள்ளபடி சொன்னாலும் இவன் பேரும் கேஸில் வரும், காலேஜிலும் கூப்பிட்டு விசாரிப்பார்கள், சுலபமாக விட்டுவிடுவார்கள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன் என்றார். கௌதமன் கேட்டுக்கொண்டே இருந்தான். வெளியே வந்ததும், “நீங்க வர வேண்டாமுங்கம்மா, நானே போய்க்கறேன்” என்றான். பெற்றுவிட்டு நான் எப்படி வராமல் இருப்பேன்? வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நானும் கூடப் போகிறேன்.

மாமா, முதலாளி சொன்னது நிஜம்தான். கௌதமன் என் பேச்சைத் தட்டினாலும் தட்டுவான். உங்கள் பேச்சை ஒருநாளும் தட்டியதில்லை. அதுதான் எனக்குப் பயம். மேனேஜர் போனை உங்கள் கையில் கொடுத்து, சொல்லு என்று நிற்பார். எழுதிக் கொடு என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் இவன் எழுதிக் கொடுத்துவிடுவான். அப்புறம் ஆயுசுக்கும் அந்தப் பையனைக் கொன்றவன் இவன் ஒருத்தன்தான் என்று ஆகிவிடும். இவனே அதை நம்பிவிடுவான்.

வேலை போனால் போகட்டும் என்று எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. உங்களுக்கு அது எப்படிப்பட்ட வேலை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்த வார்த்தையைச் சொல்லிவிடாதீர்கள்.

மேனேஜரை எதிர்த்துப் பேச வேண்டாம். அந்தக் காட்டில் தனியாக இருக்கிறீர்கள். “சாப்பிட்டயா சாமி” என்று மட்டும் அவனிடம் கேட்டுவிட்டு போனை வைத்துவிடுங்கள். நான் அவன் பக்கத்தில்தான் நிற்பேன்.

போர்க் குழியில் ராடு இறக்கும்போது கவனமாக இருங்கள். நம்ம மாரியம்மன் உங்களை முழுசாக நம்ம ஊட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்,
அன்புச்செல்வி