துணி போர்த்திய கதவு

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. கண்காட்சிக்கு யார் யார் போனீர்கள் என்று கேட்டிருந்தாய். அப்பா, நான், சித்தப்பா, பட்டறை ஃபிட்டர், நாலே பேர்தான். கடவுள் கிருபையில் நாலு பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

உடம்பைத்தான் சொன்னேன், மனசை இல்லை. வந்ததிலிருந்து அப்பா சரியாகப் பேசவில்லை. அடுத்த வருஷம் ஸ்டால் வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டார், நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து நம்முடையதாக இருந்த மூலை இடம், வெள்ளிக்கிழமைக்குள் உறுதி சொல்லாவிட்டால் வேறு யாருக்கோ போய்விடும். நம் கீல் பட்டறைக்குப் புது வாடிக்கை எல்லாம் அங்கேதான் பிடிக்கிறோம் என்பது வரவு செலவு எழுதுகிற எனக்குத் தெரியாதா. ஆனால் இப்போது கூட்டம் முன்பு போல் இல்லை பாப்பா. வருகிறவர்களும் ஒவ்வொரு ஸ்டாலாகப் பார்த்துக்கொண்டு வருவதில்லை, போனிலேயே எல்லாம் பார்த்து, யாரை எப்போது பார்ப்பது என்று பேசி வைத்துக்கொண்டு நேராக அங்கே போய்விடுகிறார்கள். பக்கத்து ஸ்டால் பூட்டுக்காரம்மா கொண்டுவந்தது ஒரு மேஜை, நாலு நாற்காலி, அந்த நாற்காலிகள் காலியாகவே இல்லை. நம் மேஜையில் விசிட்டிங் கார்டு போடுகிற கண்ணாடிக் கிண்ணம். சித்தப்பா அதைப் பார்த்து, “அண்ணி, இதுல மிட்டாயாவது போடுங்க, யாராவது வந்து கைய விடுவாங்க” என்றார். அப்பா சிரிக்கவில்லை.

முதல் நாள் காலைக்குப் பிறகு ஒரு பெயர் கூட உனக்கு வரவில்லையே என்று கேட்டாயே, அதற்குக் காரணம் சொல்கிறேன், கோபப்படாதே. போனைக் காட்டினால் அவர்கள் பெயரும் நம்பரும் உனக்கு வந்துவிடும் என்று நீ அனுப்பிய கியூஆர் அட்டையை ஃபிட்டர் நம் கீல் மாட்டிய மாதிரிக் கதவின் மேலேயே ஒட்டியிருந்தார். நாலைந்து பேர் வந்து போனை நீட்டினார்கள். நம் கீலைப் படம் பிடித்துப் போய் எவனோ அப்படியே செய்து விற்றது அப்பாவுக்கு இன்னும் ஆறவில்லை. “வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கல, போட்டோ மட்டும் எடுக்குறானுங்க” என்று மேஜை விரிப்பை உருவிக் கதவு மேல் போர்த்திவிட்டார். நீ அட்டையைப் பற்றி விளக்கியது ஃபிட்டரிடம், அவரா முதலாளியிடம் எதிர்ப் பேச்சு பேசுவார். கடைசி நாள் பூட்டுக்காரம்மாதான், “ஐயா, வர்றவங்க அட்டையத் தேடுறாங்க, நீங்க அதப் போர்த்தித் தூங்க வச்சிருக்கீங்களே” என்றாள். அப்பா விரிப்பை எடுத்து மடித்தார், மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து, “புரியாத எடத்துல எனக்கென்ன வேல” என்றார்.

எனக்குத் தோன்றுவது இதுதான். படத்தில் எல்லாம் பார்த்துவிடலாம், கீல் சத்தமில்லாமல் தானாகக் கதவை மூடுவதைக் கையால் தள்ளிப் பார்த்தால்தானே தெரியும். சின்ன ஸ்டால் போதும், அந்த ஒரு கதவு போதும், ஆட்களை நீ அங்கிருந்து முன்கூட்டியே பேசி வை, கதவை அப்பா காட்டட்டும். துணி போர்த்துவதற்கு முன்னால் வந்த அந்த நாலைந்து பேருக்கு இன்றைக்கே எழுது. ஒருவராவது கதவைத் திறந்து பார்க்க வேண்டும் என்று சொன்னால் அதை நீயே அப்பாவிடம் சொல்லு, நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைப்பார். துணியைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதே.

நேரத்துக்குத் தூங்கு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. கடவுள் உன் கூடவே இருப்பார்.

அம்மா

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பதில் போடு.