இரண்டாம் பக்கத்து விருது

அண்ணை,

லா ஷப்பல் கடைத்தெரு அச்சகத்தில் சூடு ஆறாத மாதிரித் தாளை அக்கா என் கையில் வைத்தபோது, மை வாசம் மூக்கில் ஏறியது. உங்கள் முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கப்போகும் நினைவு மலர். முதல் பக்கத்தில் கோட்டுப் போட்ட நீங்கள். இரண்டாம் பக்கத்தில் நான் செய்த பொய்.

"இவருக்குக் கிடைச்ச ஒரே விருது, பிள்ளை. வடிவாத் தெரியுதோ பார்," என்றார் உங்கள் மனைவி.

"ஓம் அக்கா," என்றேன். நீங்கள் வாயாடி என்று பட்டம் கொடுத்தவள் தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

உணவகத்தில் மத்தியான வேலை முடித்து, வெங்காய வாசத்தோடேயே மைதானத்துக்கு வருவீர்கள். எங்கள் அமெரிக்கன் ஃபுட்போல் அணியின் உதவிப் பயிற்சியாளர் நீங்கள். தலைமைப் பயிற்சியாளர் கத்துவார். நீங்கள் புல்லில் குந்தியிருந்து எங்கள் கால்களைப் பார்ப்பீர்கள். "முகம் பொய் சொல்லும் பிள்ளை, கால் சொல்லாது."

அமெரிக்காவின் பெரிய அணிகளில் வேலை செய்யும் உதவிப் பயிற்சியாளர் ஒருவருக்கு ஆண்டுதோறும் ஒரு விருது கொடுப்பார்கள். இறுதி ஆட்டத்தை விட அதற்குத்தான் நீங்கள் அதிகம் பதைப்பீர்கள். "கோப்பையோடை படம் எடுக்கிறது பெரிய கோச். மைதானத்திலை கோன் அடுக்கிற எங்களுக்கு உது ஒண்டுதான். இஞ்சை அதுவும் இல்லை."

இல்லையென்றால் நான் உண்டாக்குகிறேன் என்று நினைத்தேன். இல்லாத ஒரு சம்மேளனத்தின் பெயரில், இதே அச்சகத்தில், தடித்த தாளில், சிறந்த உதவிப் பயிற்சியாளர் என்று ஒரு சான்றிதழ். அம்மாவின் மிளகாய்த்தூள் போத்தல் மூடியை மையில் தோய்த்து முத்திரை. பத்து நிமிடம் சிரித்துவிட்டு உண்மையைச் சொல்வதாகத் திட்டம்.

அதைக் கையில் தந்தபோது நீங்கள் தலைக்கவசப் பையின் மேல் அப்படியே இருந்துவிட்டீர்கள். "எடி பிள்ளை, உது என்ரை பேர்தானே?" கண் நிறைந்திருந்தது. ஓம் என்றேன்.

பிறகு கிழமைக்கொரு தரம் அதே கேள்வி.

"விழா எப்பவாம்?"

"மண்டபம் கிடைக்கேல்லையாம் அண்ணை."

"பின்னை எப்ப?"

"கோடை லீவுக்குப் பிறகாம்."

ஒருநாள் உணவக ஓர்டர் துண்டில் நன்றியுரை எழுதிக்கொண்டு வந்தீர்கள், பிரெஞ்சில். "பிழை இருந்தால் திருத்தித் தா. மேடையிலை சிரிக்கக்கூடாது." வாங்கிப் பையில் வைத்தேன். அடுத்த செவ்வாய்ப் பயிற்சியில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாக எனக்குள் சத்தியம் செய்தேன். திங்கட்கிழமை மெத்ரோ ரயில் நிலையப் படியில் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது.

நாளை மலர் அச்சேறுகிறது. முப்பத்தோராம் நாளுக்குக் கிளப் ஆட்கள் எல்லாரும் வருவார்கள். அப்படியொரு சம்மேளனமே இல்லையே என்று அவர்களில் ஒருவர் சொன்னால், அக்கா தன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்? நான் முந்திச் சொன்னால், அவரிடம் மிஞ்சியிருக்கும் ஒரே பெருமையை என் கையாலேயே கிழிக்கிறேன். எந்தப் பக்கம் ஓடினாலும் அடிபடுவது அவர்தான். ஆயிரம் குறும்பு செய்தவளுக்கு இதற்கு ஒரு வழி தெரியவில்லை, அண்ணை.

செவ்ரானில், உங்கள் வீட்டு மாடிப்படியில் இருந்து இதை எழுதுகிறேன். மூன்று தரம் வாசல்வரை ஏறி, மூன்று தரம் இறங்கிவிட்டேன். அந்த ஓர்டர் துண்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஓரத்தில் எண்ணெய்க் கறை. "நான் ஒருவரையும் வெல்லவைக்கவில்லை. விழுந்த பிள்ளைகள் எழும்பும்வரை பக்கத்தில் நின்றேன்" என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். பதினொரு பிழை. ஒன்றையும் நான் திருத்தவில்லை. ஆனால் ஒரு சொல்லும் பொய்யில்லை.

உண்மையைச் சொல்லி, இரண்டாம் பக்கத்தில் சான்றிதழுக்குப் பதில் இதைப் போடச் சொல்லிக் கேட்கப்போகிறேன். அக்கா போடுவாரா, முகத்தில் எறிவாரா, இனி வீட்டுப் பக்கம் வராதே என்பாரா, தெரியாது. மணியடித்தால் என்ன முகத்தோடு நிற்பேன் என்றும் தெரியாது.

முகத்தை விடுங்கள், அண்ணை. என் காலைப் பாருங்கள். நடுங்குகிறது. ஆனாலும் நாலாம் தரமும் மேலேதான் ஏறுகிறது.