காலியான கேசரித் தட்டு

இன்று காலை சிதம்பரத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் மகனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். எல்லோர் கையிலும் கேசரித் தட்டு. நெய்யும் ஏலக்காயும் மணந்தும் என்னோடு வந்தவர்கள் யாரும் அதைத் தொடவில்லை. சம்பந்தம் முடிவாகாத வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம்தானே. அந்த மணத்தில் நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய். நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப் போகிறது.

கடலூர் முதுநகரில் அந்தப் பழைய வணிகர் வீட்டை நம் குழுவின் நாடகத்துக்குப் பிடித்தது நினைவிருக்கிறதா? மேடை கிடையாது, நாற்காலி வரிசை கிடையாது. பார்க்க வருகிறவர்களே மாப்பிள்ளை வீட்டார். கூடத்தில் பாய் விரித்து உட்கார வைத்து, கேசரியும் காபியும் கொடுத்து, அப்புறம் அறை அறையாகக் கூட்டிப் போவதாக எழுதியிருந்தேன். சமையலறையில் அப்பா அம்மா சண்டை, மாடியில் தம்பியின் முணுமுணுப்பு. பெண் வேஷம் உனக்கு. நாற்பதைத் தாண்டியவளுக்கு இந்த வேஷம் எதற்கு என்று குழுவிலேயே கேட்டார்கள். "எனக்குத்தான்டி ஒத்திகையே வேணாம்" என்றாய்.

உண்மைதான். உன்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "போயி தகவல் சொல்றோம்" என்று எழுந்தவர்கள். தகவல்தான் வந்ததில்லை. "அவுங்க போனதக்கூட தாங்கிக்கலாம்டி. நெய் ஒறஞ்சிபோன கேசரிய மறுநாள் காலையில நாந்தான் தின்னணும்" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் காட்சியிலேயே என் கணக்கு தப்பியது. குறிஞ்சிப்பாடியிலிருந்து மருமகளோடு வந்திருந்த ஒரு அம்மா கேசரித் தட்டைத் தள்ளி வைத்தார். அவரைப் பார்த்துக் கல்லூரிப் பிள்ளைகள்கூட வைத்துவிட்டார்கள். தூணுக்குப் பின்னாலிருந்த நான் ஓடிப் போய், "நாடகம்தாம்மா, சாப்புடுங்க" என்றேன்.

"நாடகம்னாலும் மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல? பையன் புடிச்சிருக்குன்னு சொல்லாம எப்புடிமா கை நனைக்கிறது? நாளபின்ன வார்த்த மாறக் கூடாதில்ல" என்றார் அவர். கூடமே தலையாட்டியது. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல. பாடுபட்டு எழுதியதை ஒரு கேசரி கவிழ்க்கிறதே. அப்புறம்தான் உன் முகத்தைப் பார்த்தேன். காபித் தட்டோடு அறை வாசலில் நின்றிருந்தாய். அது நடிப்பு இல்லை.

நான் எழுதியபடி நீ தலைகுனிந்து உள்ளே போயிருக்க வேண்டும். நீயோ காபியை இறக்கி வைத்துவிட்டு அந்த அம்மாவின் எதிரில் உட்கார்ந்தாய். "இத நான்தாம்மா கிண்டினேன். என்னப் புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிட்டுப் போங்க. தின்னுட்டுச் சொல்லுங்க" என்றாய்.

அவர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். "சக்கர ஜாஸ்தி" என்றார். "ஏன் கண்ணு கலங்குற? அதான் தின்னுட்டேன்ல."

மற்றவர்களும் எடுத்தார்கள். அதற்குப் பிறகு என் சமையலறைச் சண்டையைக் கேட்க யார் எழுந்தார்கள்? உன்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, தங்களைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களைப் பற்றிப் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். குறிஞ்சிப்பாடி மருமகளும் பேசினாள், மாமியார் பக்கம் திரும்பாமல். கிளம்பும்போது அந்த அம்மா கைதட்டவில்லை. உன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்து, "எங்க பக்கம் ஒரு பையன் இருக்கான், கேக்கட்டா?" என்றார்.

திரும்பும் டவுன் பஸ்ஸில், நாடகம் பாழாய்ப் போனதே என்று நான் புலம்பிக்கொண்டே வந்தேன். நீ ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "மொத தடவையா தட்டு காலியா வந்துச்சுடி" என்றாய்.

இன்று சிதம்பரத்திலும் அந்த வீட்டுப் பெண் கதவோரம் நின்றாள். அவள் கண் எங்கள் முகங்களில் இல்லை, தட்டுகளில் இருந்தது. நான் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டேன்.

"என்ன பண்ற நீ?" என்று அண்ணி முழங்கையால் இடித்தார்.

"அந்தப் பொண்ணு கிண்டினது அண்ணி. ஆறிடும்" என்றேன்.

இது அமையுமோ அமையாதோ. அவளுக்கே எங்கள் பையனைப் பிடிக்காமலும் போகலாம். நீ இருந்திருந்தால் அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் நல்லது என்றுகூடச் சொல்லியிருப்பாய். நான் கடைசித் துணுக்கு வரை வழித்துத் தின்றுவிட்டு, தட்டைக் காலியாக அவள் கையில் கொடுத்தேன்.