ஸ்வீடனை நான் தடுக்கவில்லை

விஜயநகர், மைசூரு
மார்கழி, திங்கட்கிழமை

சிரஞ்சீவி வாமனுக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் தன் இஷ்டப்படி இருக்கிறது. ஃபின்லாந்துக் குளிரில் நீயும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் பெருமாளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். க்ஷேமம் விசாரித்தாயிற்று, இனி விஷயத்துக்கு வருகிறேன். யதுகிரி தன் பிள்ளையை ஸ்வீடன் கார் ராலிக்குப் போகக் கூடாது என்று தடுத்துவிட்டாள் என்று இந்த ஊரில் ஒரு பேச்சு நடக்கிறது. அது தவறு. நான் தடுக்கவில்லை. ஸ்வீடன் என்ற சொல்லே இந்த வருஷம் என் வாயிலிருந்து வந்ததில்லை.

எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். மார்கழிக் காலை பூஜைக்கு அக்ரஹாரத்துக் கோயிலுக்குப் போயிருந்தேன். பொங்கலைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்கும்போது உன் ஜயம்மா அத்தை நாலு பேர் காதில் விழும்படி, பையன் உலகத்தைச் சுற்றுகிறான், மன்னிதான் இன்னும் கயிற்றை விடவில்லை என்றாள். சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, புரியாததைக் காட்டிக்கொள்ளவும் இல்லை. வெளியே வந்தால் பூக்காரி மாதம்மாவும், ஏனம்மா மகனைக் கட்டிப் போட்டுவிட்டீர்களாமே என்கிறாள். பூ வாங்காமல் வந்துவிட்டேன். அன்று சாயங்காலமே அத்தை வீட்டுக்கு ஆட்டோ பிடித்துப் போய் அவள் பேத்தி சின்மயியிடம் என்ன சமாசாரம் என்று கேட்டேன். அந்தப் பெண் தயங்கித் தயங்கி உங்கள் டீம் வெளியிட்ட அறிவிப்பைப் போனில் எடுத்துக் காட்டினாள். படித்துச் சொல்ல வந்தாள், வேண்டாம், எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று வாங்கி நானே படித்தேன். உன் தகப்பனாரின் வருஷத் திதி பிப்ரவரி நடுவில் வருகிறதாம், அதற்கு நீ ஊரில் இருந்தே ஆக வேண்டும் என்று உன் தாயார் வற்புறுத்துகிறாராம், ஆகவே ஸ்வீடனை விட்டுவிட்டு அதற்குப் பதில் மார்ச்சில் கென்யாவை எடுத்துக்கொண்டிருக்கிறீர்களாம். நல்ல இங்கிலீஷில்தான் எழுதியிருக்கிறார்கள். வாக்கியத்தில் பிழை இல்லை, விஷயத்தில்தான் பிழை.

ஜயம்மா அத்தை அத்தோடு விட்டாளா, இரண்டாம் கிளாஸ் பந்தயம்தானே, ஒன்று போனால் என்ன என்று எனக்குச் சமாதானம் வேறு சொன்னாள். அவளை உட்கார வைத்து நான் விளக்க வேண்டியிருந்தது. பெரிய கார்கள் ஓடுகிற அதே பாதைதான், அதே நாள்தான், கார் மட்டும் ஒரு படி கீழே. இதில் ஜெயித்தவர்களைத்தான் மேலே கூப்பிட்டுக்கொள்கிறார்கள். எல்லா ஊரிலும் ஓடினால் எல்லாவற்றுக்கும் புள்ளி கிடைக்காது, முன்கூட்டியே இன்னின்ன ராலி என்று சொல்லி வைத்தால் அதற்கு மட்டும்தான் கணக்கு, அதனால் எதை எடுப்பது எதை விடுவது என்பதிலேயே பாதி சாம்பியன்ஷிப் இருக்கிறது என்றேன். நீ எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். எய்னோ மாதிரிப் பனியிலேயே பிறந்து வளர்ந்த டிரைவரை வைத்துக்கொண்டு, இருக்கிற ஒரே முழுப் பனி ராலியை விடுகிறவன் எந்தக் கணக்கில் விடுகிறான் என்று அத்தை கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. நல்ல வேளை, அவளுக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். உன் அப்பா போனது மாசி மாதம், கிருஷ்ண பக்ஷ தசமி. அந்த வருஷம் அது பிப்ரவரி நடுவில் வந்தது. இந்த முறை மார்ச் மாதத்தில் வருகிறது, சரியாக நீ கென்யாவில் இருக்கும் நாளில். இங்கிலீஷ் தேதியைப் பார்த்துவிட்டு ஸ்வீடனை விட்டாய், திதி வருகிற நாளில் கென்யாவைக் கொண்டுபோய் வைத்தாய். அப்பாவுக்கும் இல்லாமல் எய்னோவுக்கும் இல்லாமல் ஒரே மூச்சில் இரண்டையும் கெடுக்க எங்கே கற்றுக்கொண்டாய்? ஆத்திரத்தில் அன்று தளிகையே பண்ணவில்லை, ரொட்டியும் பாலும்தான். ஆத்திரம் தணிந்த பிறகு இன்னொன்று தோன்றியது, அது ஆத்திரத்தைவிட மோசமாக இருந்தது. முதல் வருஷம் மார்ச்சில் வந்து திவசம் செய்தாய். போன வருஷம் பிப்ரவரியில் வந்து செய்தாய். திதி நகரும் என்பது உனக்குத் தெரியாததல்ல. பஞ்சாங்கமும் சித்திரையிலேயே உனக்கு அனுப்பியாயிற்று, பெற்றுக்கொண்டேன் என்று நீயே சொன்னாய். காரில் எய்னோ பக்கத்தில் உட்கார்ந்து, வளைவு வருவதற்கு எத்தனை மீட்டர் முன்னால் சொல்ல வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் சொல்கிறவன் தகப்பன் திதியைப் பார்க்காமல் விட்டான் என்று நான் நம்ப வேண்டுமா?

போன வருஷம் ஸ்வீடன் முடிந்து நேரே திவசத்துக்கு வந்தாயே, அப்போது மணிக்கட்டு வீங்கியிருந்தது. பெட்டி தூக்கினேன் என்றாய். தர்ப்பணத்துக்கு விட்ட தண்ணீர் பாதி தட்டுக்கு வெளியே விழுந்தது. பிரயாணக் களைப்பு என்றாய். வாத்தியார் இருந்தார், நான் மேலே கேட்கவில்லை. நீ திரும்பிப் போன பிறகு சின்மயி காருக்குள் வைத்த காமிராவின் படத்தை எனக்குப் போட்டுக் காட்டினாள், அந்தப் பெண்ணை அதற்காகக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் கேட்டேன். எய்னோ ஓட்ட, நீ வளைவுகளைக் குறித்த நோட்ஸை அவனுக்குப் படித்துக்கொண்டே வருகிறாய், கையுறையோடு தாளைப் புரட்டுகிறாய், இரண்டு தாள் ஒன்றாகப் புரண்டுவிடுகிறது. உன் குரல் நின்றுவிட்டது. எய்னோ என்ன என்று கேட்கிறான், நீ தாளைப் பிரிக்கப் பார்க்கிறாய். அப்புறம் கண்ணாடி முழுக்க வெள்ளை. பனிக்கரை மெத்தென்று இருந்ததால் பிழைத்தீர்கள் என்று அவள் சொன்னாள். நான் அந்தப் படத்தை இன்னொரு தடவை போடச் சொன்னேன், அதன் பிறகு போடச் சொல்லவில்லை. நீயாகச் சொல்வாய் என்று இத்தனை நாளும் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

ஆகவே நேராகக் கேட்கிறேன், நீயும் நேராகப் பதில் சொல். ஸ்வீடன் என்றால் உனக்குப் பயமா? பயம் என்றால் அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. எனக்கே அந்தப் படத்தைப் பார்த்த பிறகு அடுப்பில் பால் பொங்கும் சத்தத்துக்குக்கூடத் திடுக்கென்கிறது. ஆனால் பயத்துக்கு என் பெயரை வைக்காதே, அப்பாவின் திதியைப் போர்த்தாதே. எங்கள் கான்வென்டில் பெண்கள் தாங்களே லீவ் லெட்டர் எழுதித் தாயார் கையெழுத்தைப் போட்டுக் கொண்டுவருவார்கள். மதர் சுப்பீரியர் ஒன்றும் திட்ட மாட்டார், கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வகுப்பின் முன்னால் நிற்க வைத்து நிஜக் காரணத்தைக் கேட்பார். நீ செய்திருப்பது அதுதான், அதுவும் உலகமே படிக்கும்படி. பையனின் நன்மைக்கு அம்மா குறுக்கே நிற்கிறாள் என்று ஊர் சொன்னால் எனக்கு வலிக்கிறது, ஆனால் அது எனக்கும் ஜயம்மா அத்தைக்கும் உள்ள வழக்கு, நான் பார்த்துக்கொள்வேன். எய்னோவின் விஷயம் அப்படியல்ல. அந்த அறிவிப்பின் கடைசியில் அவன் ஒரு வரி சொல்லியிருக்கிறான், பார்த்தாயா? பனியில் வேறொருவர் குரலை நம்பி ஓட்ட மாட்டேன், வாமன் வரவில்லை என்றால் நானும் போகவில்லை என்று. இரண்டு தாள் புரட்டியவனை அந்தப் பிள்ளை விட்டுக்கொடுக்கவில்லை. அவனிடமே நீ நிஜத்தைச் சொல்லாமல், அவனுக்குத் தெரியாத தேசத்து விதவை ஒருத்தியைக் காட்டித் தப்பிக்கிறாய். இந்த வருஷம் ஜெயித்தால் மேலே போக வேண்டியவன், அவன் நல்ல ராலியை உனக்காக விடுகிறான், எதற்காக விடுகிறான் என்பது அவனுக்கே தெரியாது.

மற்றபடி இங்கே புதிதாக ஒன்றுமில்லை. சம்ப் தொட்டி மோட்டார் ரிப்பேர், மெக்கானிக் மஞ்சுநாத் இன்று வருகிறேன் நாளை வருகிறேன் என்கிறான். பக்கத்து வீட்டார் புதுக் கார் வாங்கி நம் கேட்டை அடைத்து நிறுத்துகிறார்கள். கன்னடத்தில் நயமாகச் சொன்னேன், இங்கிலீஷில் கடுமையாகவும் சொன்னேன், அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் தனியாகப் பார்சல் அனுப்பியிருக்கிறேன், பொடி டப்பாவை ஈரக் கையால் தொடாதே. மெல்லிய கையுறை ஒரு ஜோடியும் வைத்திருக்கிறேன், விரல் நுனியில் பிடிப்பு உள்ளது, கடைக்காரனை இரண்டு தாள் வைத்துப் புரட்டிக் காட்டச் சொல்லித்தான் வாங்கினேன்.

ஸ்வீடனுக்குப் பெயர் கொடுக்கச் சங்கராந்தி வரை அவகாசம் இருக்கிறது என்று சின்மயி சொல்கிறாள். அதற்குள் எய்னோவை எதிரே உட்கார வைத்து, என்ன நடந்தது, உனக்கு என்ன தோன்றுகிறது என்று உன் வாயால் சொல். அதைக் கேட்ட பிறகும் இருவரும் சேர்ந்து வேண்டாம் என்று முடிவு செய்தால் அது உங்கள் தொழில், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். கென்யா விஷயம் வேறு. மாசி தசமியன்று நீ இங்கே இருக்க வேண்டும், அப்பாவுக்குப் பிண்டம் வைக்க உன்னைத் தவிர வேறு பிள்ளை இல்லை. இது என் வற்புறுத்தல்தான், மறைக்கவில்லை. அம்மா சொன்னாள் என்று அறிவிப்பில் போட வேண்டுமானால் கென்யாவுக்குப் போடச் சொல், கையெழுத்து நானே போட்டுத் தருகிறேன்.

காது மூடித் தூங்கு, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. பெருமாள் உன் குரலையும் எய்னோவின் கையையும் காப்பாற்றட்டும், இருவருக்கும் என் ஆசீர்வாதம். போனில் பேசினால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். ஆகையால் ஸ்வீடனுக்குப் போகிறாயா, இல்லையென்றால் என்ன காரணம் என்பதைப் பேனாவால் காகிதத்தில் எழுதித் தபாலில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா,
யதுகிரி கேசவமூர்த்தி