நீ கேட்ட டிக் சத்தம்

இன்று காலை மேசைக்குப் பின்னால் தூசி தட்டும்போது அந்த ஆப்டிகல் கேபிள் கையில் வந்தது. ஒரு முனை மைக் பெட்டியில் செருகியபடியே இருந்தது. மறுமுனையில் சிவப்பாக ஒரு பொட்டு வெளிச்சம். இதை முதன்முதலில் பார்த்தபோது, "இன்னா மாமு, ஒயருக்குள்ள லைட்டு எரியுது?" என்று கேட்டாய். உன் குரல் வெளிச்சமாகத்தான் இதற்குள் போகும் என்றேன். "வுடு, ரீலு சுத்தாத" என்று சிரித்தாய்.

காலடிப்பேட்டையில் என் வீட்டுப் பின்னறைதான் நம் ஸ்டுடியோ. பழைய மெத்தைகளைச் சுவரில் ஆணியடித்து மாட்டியது நீதான். தெருமுனையில் கன்டெய்னர் லாரி திரும்பினால் பாட்டை நிறுத்துவோம், போனதும் தொடங்குவோம். படகிலிருந்து நேராக நீ வந்து உட்கார்ந்தால் என் மனைவி மீன் வாடைக்கு ஜன்னலைத் திறப்பாள். சத்தம் வருமென்று நான் மூடுவேன். அந்தச் சண்டையில் உனக்கு ஒரே குஷி.

கடைசியாக நீ வந்தபோது தொண்டையில் கட்டி என்று தெரிந்துவிட்டிருந்தது. இரண்டு நாளில் ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். மகள் பிறந்தபோது நீயே கட்டிய பாட்டை அவள் கல்யாணத்தில் பாடுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாய். "நான் பாட முடியாது. மெஷினாச்சும் பாடட்டும். புட்ச்சு வச்சுரு மாமு" என்றாய்.

இந்தக் கேபிளின் ஒரு முனையில் மைக் பெட்டி, மறுமுனையில் கம்ப்யூட்டரோடு இணைந்த பெட்டி. சத்தத்தை அளந்து பதிக்க இரண்டுக்குள்ளும் தனித்தனிக் கடிகாரம் ஓடும். ஒன்றை மற்றது பின்பற்றும்படி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவு நிற்காது, ஆனால் சில நொடிக்கு ஒருமுறை 'டிக்' என்று வெட்டும். கரன்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் பெட்டி தன் சொந்தக் கடிகாரத்துக்கே திரும்பிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். அன்று மதியம் கரன்ட் போய் வந்தது. பெட்டியை நான் சரிபார்க்கவில்லை.

இருந்த ஒரே ஹெட்போனை உனக்குக் கொடுத்திருந்தேன். பாதிப் பாட்டில் நிறுத்திச் சொன்னாய்: "இன்னாவோ டிக்கு டிக்குனு கேட்டுக்கினே கீது மாமு."

ஹெட்போனை வாங்கி ஒரு நிமிஷம் காதில் வைத்திருந்தால் போதும். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. "அது உன் தொண்டை மாமு. தண்ணி குட்ச்சிட்டு பாடு" என்றேன்.

நீ குடித்தாய். ஒவ்வொரு வரிக்கும் ஒரு மடக்கு. விழுங்கும்போது முகம் கோணியது. என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டாய்.

நீ போன பிறகுதான் போட்டுக் கேட்டேன். பாட்டு முழுக்க டிக். அப்போதே உன் வீட்டுக்கு ஓடி வந்திருக்கலாம், நடுவில் ஒரு நாள் இருந்தது. போனில் நீ கேட்டபோது, "சூப்பரா வந்துகீது" என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பேச்சு போன பிறகு போனில் எழுதிக் கேட்டாய், 'பாட்டு எங்க?' மிக்ஸிங் நடக்கிறது என்று பதில் போட்டேன். அதையே நாலு மாதம் சொன்னேன். பாட்டைக் காதால் கேட்காமலே நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு டிக்காகத் தேடி அழித்துப் பார்த்தேன். சில இடங்களில் போயிற்று. சில இடங்களில் அதோடு நீ பாடிய எழுத்தும் போயிற்று. மகள் பெயர் வரும் இடத்தில் இரண்டு விழுந்திருக்கின்றன, அதை எடுத்தால் பெயரே இல்லை. விட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். அடுத்த மாதம் கல்யாணம். நீ உட்கார்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டாள். அழுதாள். அவள் பெயர் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

"இன்னா மாமா இது, டிக்கு டிக்குனு? நைனாவுக்கு அப்பவே தொண்டை அவ்ளோ மோசமா பூட்ச்சா?"

மெஷின் மேல்தான் தப்பு, மெஷினை வைத்த என் மேல்தான் தப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றேன். இரண்டாவது முறையும் உன் தொண்டை மேலேயே பழியைப் போட்டேன், மாமு.